அங்கமுத்து பிடித்த கெண்டை

ஏரிக்கரை மடத்துச் சாமிக்கு நாற்பது வயது. சீடர் அங்கமுத்துவுக்கு அறுபத்திரண்டு. ஊரே சிரித்தது. அவர்கள் இரண்டு பேரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அங்கமுத்துவுக்குத் தூண்டில் பைத்தியம். ஆனால் மீன் தின்ன மாட்டார். பிடிப்பார், தடவிக்கொடுப்பார், திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார். அதில் மனுஷருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் கலங்கிப்போய் வந்தார்.

"ஏரியை வற்றவைத்து ஆப்பிரிக்கக் கெளுத்தியை எல்லாம் அழிக்கப் போகிறார்களாம், சாமி. மற்ற மீனையெல்லாம் அது தின்றுவிட்டதாம். தூண்டில்காரர்கள் சார்பில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். இத்தனை உயிரைக் கொல்ல எப்படிச் சம்மதிப்பேன்?"

உயிர் என்றுதான் சொன்னார். அந்தக் கெளுத்தி மாதிரி மல்லுக்கு நிற்கிற மீன் வேறு இல்லை என்பதை விழுங்கிவிட்டார்.

"எனக்கு ஒரு கெண்டை பிடித்துக் காட்டுங்கள். பிறகு பேசலாம்" என்றார் சாமி.

"இதென்ன பெரிய காரியமா?"

முதல் நாள் நாலு கெளுத்தி. விட்டுவிட்டார். மறுநாள் ஆறு. அவற்றையும் விட்டார். சின்ன முள் மாட்டிப் பார்த்தார். மண்புழுவை எடுத்துவிட்டு மாவு உருண்டை வைத்தார். துறை மாறி உட்கார்ந்தார். கெளுத்திதான் வந்தது.

மூன்றாம் நாள் மாலை மடத்துக்கு வந்தார். கையெல்லாம் ரத்தம். உள்ளங்கையில் வால் கரைந்துபோன ஒரு சிறு மீன்.

"கெண்டை, சாமி."

"எங்கே கிடைத்தது?"

"கெளுத்தி வயிற்றில்."

சாமி அதை வாங்கி ஒரு இலையில் வைத்தார்.

"கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருகிறேன்" என்றார் அங்கமுத்து. பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

"பத்து வருஷம் முன்னால் இந்தக் கெளுத்திக் குஞ்சுகளைக் குடத்தில் கொண்டுவந்து ஏரியில் விட்டதே நான்தான். கெண்டை இழுத்தால் கைக்கே தெரியவில்லை என்று விட்டேன். நீங்கள் படித்துறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்க வேண்டும். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

சாமி இலையை மெல்ல மடித்தார்.

"உங்கள் வீட்டம்மா தவறிப்போய் எட்டு மாசம் ஆகியிருந்தது. குடத்தைக் கவிழ்த்துவிட்டு நீங்கள் சிரித்தீர்கள், ஐயா. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை."