கோட்டை வாசலில் கைபிடிச் சட்டம்

முன்னொரு காலத்தில், ராசாவுக்கு வேலை குறைவாகவும் பயம் அதிகமாகவும் இருந்த ஒரு நாட்டில், எதிரி ஒற்றன் வந்து தன் மீசையைக் கத்தரித்துக்கொண்டு போனதாக ராசா கனவு கண்டார். விடிந்ததும் கோட்டைக் கதவைச் சாத்தச் சொன்னார். மழை பொய்த்த சீமையிலிருந்து பிழைக்க வந்த தறிக்காரக் குடும்பங்கள் வெளியே வெயிலில் மாட்டிக்கொண்டன.

கருணைவான் என்ற பேரை இழக்கவும் ராசாவுக்கு மனமில்லை. சபையைக் கூட்டினார்.

"தீயவன் ஒருவனும் உள்ளே வரக்கூடாது. நல்லவன் ஒருவனும் வெளியே நிற்கக்கூடாது. யார் செய்வீர்?"

அரசவை விகடன் சுருளாண்டியைக் கண்டாலே படைத் தளவாய் செண்பகராயருக்கு வயிறு எரியும். "சுருளாண்டியே தகுந்தவர், பிரபு. தவறினால் தலையை எடுத்துவிடலாம். உள்ளே மூளை உண்டா என்றும் பார்த்துவிடலாம்."

சுருளாண்டி கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"ஆகட்டும் பிரபு. ஒரே சட்டம் போதும். உள்ளே இருப்பவர் ஒருவர் கையைப் பிடித்து, 'இவர் தப்புச் செய்தால் என் தலை' என்று சொன்னால்தான் எவரும் நுழையலாம்."

ராசா முத்திரை வைத்தார். தறிக்காரருக்கு ஊருக்குள் யாரைத் தெரியும்? அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தளவாய் மீசைக்குள் சிரித்துக்கொண்டு ராசாவோடு வேட்டைக்குப் போனார். திரும்பி வந்தபோது கதவு திறக்கவில்லை.

"கைபிடிக்க ஆள் உண்டா, பிரபு?" என்று மதில்மேல் நின்று கேட்டார் சுருளாண்டி.

"அடேய், நான் ராசா!"

"ஒற்றனும் அப்படித்தான் சொல்வான், பிரபு."

தண்டோரா போட்டார்கள். உள்ளே ஊரே கூடியது. தளவாய் பேரைச் சொன்னதும் எல்லோரும் வானத்தில் பருந்து பார்த்தார்கள். வண்டிக்காரன் மட்டும் வாயைத் திறந்தான்:

"இரவல் வாங்கிட்டுப் போன மாட்டையே இன்னும் திருப்பித் தரலே. தலையைக் குடுத்தா வந்து சேருமாக்கும்?"

ராசா பேருக்கும் பருந்துதான். வெயிலில் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வேலாத்தாள் என்ற தறிக்காரப் பெண் கலயத்தை நீட்டினாள்.

"கூழ் குடிங்க சாமி. உள்ளே உங்களுக்கும் ஆளில்லையா?"

ராசா குடித்து முடித்தார். "சுருளாண்டி, நீயாவது வாடா!"

சுருளாண்டி இறங்கி வந்து கையைப் பிடித்தார். "இவர் தப்புச் செய்தால் என் தலை. எப்படியும் அது ஆடிக்கொண்டிருக்கிற தலைதான்."

உள்ளே கால் வைத்த ராசா திரும்பி வேலாத்தாளின் கையைப் பிடித்தார். "இவள் தப்புச் செய்தால் என் தலை!"

அவள் நாத்தியைப் பிடித்தாள். நாத்தி பக்கத்து வீட்டுக்காரியை. இப்படியே சங்கிலியாக எல்லோரும் நுழைந்தார்கள். நடுவில் ஒட்டிக்கொண்டு நின்ற ஒருவனை மட்டும் யாருக்கும் தெரியவில்லை, ஒரு கையும் நீளவில்லை. அவன் மெல்ல நழுவினான். காவலர் மடக்கி உதறினால் மடியிலிருந்து கோட்டையின் வரைபடம் விழுந்தது.

கடைசியில் தளவாய் மட்டும் தனியாக நின்றார். வேலாத்தாளின் புருசன் பெருமூச்சு விட்டான்.

"நேத்து எங்களைக் கல்லால அடிச்சு விரட்டினவர்தான். இருந்தாலும் வெயில் பொல்லாதது. வாங்க சாமி, என் தலை!"

ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெட்டவிருந்த சுருளாண்டியின் கழுத்தில் தன் முத்துமாலையைப் போட்டார். தளவாய், ஒரு நெசவாளியின் கையைப் பிடித்தபடி, தலையைக் குனிந்துகொண்டு தன் சொந்த ஊருக்குள் நுழைந்தார்.