பயிற்சிக்கு வைத்த தராசு

முன்னொரு காலத்திலே ஒரு ராஜா இருந்தார். கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மழையை அளப்பார், மந்திரியின் மீசையை அளப்பார். போகட்டும், ராஜா என்றால் ஏதாவது ஒன்று இருக்கத்தானே செய்யும்!

அவருடைய கலாசாலையில் ஓலைச்சுவடிகளைக் காக்க நூறு பணியாளர்கள். அவர்களுக்கு வேலை பழக்குகிறேன் என்று கலாசாலை அதிகாரி அம்பலவாணர் நாற்பது நாள் பயிற்சி நடத்தினார். சுவடி கேட்டு வருகிறவரை எப்படி வரவேற்பது, கேட்ட சுவடியை எப்படித் தேடுவது என்றெல்லாம் பாடம். பாடம் முடிந்தால் தினமும் விருந்து. கடைசி நாள், பாயசக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பயிற்சி எப்படி என்று ஒவ்வொருவரையும் கேட்டார். வாயில் பாயசத்தை வைத்துக்கொண்டு யார் குறை சொல்வார்? தொண்ணூற்றொன்பது பேரும் பிரமாதம் என்றார்கள்.

வராதவள் பூவாயி ஒருத்திதான். மழையில் சுவடி அறை ஒழுகியதால், நனைந்த ஓலைகளை நாற்பது நாளும் நிழலில் உலர்த்திக்கொண்டிருந்தாள் பாவம். பயிற்சிக்கு வராதவளை வேலையை விட்டே அனுப்ப வேண்டும் என்று அம்பலவாணர் சபையில் சொன்னார். அதைக் கேட்டதும் விகடகவி மருதப்பனுக்குப் பொறுக்கவில்லை. அப்படி என்ன பலன் கண்டுவிட்டது உங்கள் பயிற்சி என்று கேட்டே விட்டான்.

அம்பலவாணருக்கு மருதப்பனைக் கண்டாலே ஆகாது. பலன் எவ்வளவு என்று அவனே அளந்து சொல்லட்டுமே என்று ராஜாவை மெல்லத் தூண்டிவிட்டார். அளப்பது என்றதும் ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார்.

"மருதப்பா, பலன் எத்தனை சேர் என்று நாளை மதியத்துக்குள் எமக்குத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். தவறினால் பூவாயியோடு நீயும் வேலையை விட்டுப் போகலாம்" என்றார்.

மறுநாள் காலையில் அரண்மனைப் பெரிய தராசு சபைக்கு வந்தது. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் பிறந்தநாளன்று கலாசாலைப் பணியாளர் ஒவ்வொருவரையும் எடைக்கு எடை வெல்லம் வைத்து நிறுத்து, வெல்லத்தை ஊருக்குக் கொடுப்பார்கள்; எடையை ஓலையில் குறித்தும் வைப்பார்கள். இந்த வருஷப் பிறந்தநாள் பயிற்சி தொடங்குவதற்கு முதல் நாள்தான் வந்திருந்தது. அந்த ஓலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மருதப்பன் நூறு பேரையும் மறுபடி நிறுத்தான்.

இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று அம்பலவாணர் சீறினார். பயிற்சிக்கு முன் எப்படி, பின் எப்படி என்று பார்க்காமல் வேறு எப்படி அளப்பதாம் என்று அவன் பணிவாகக் கேட்டான்.

"மன்னா, பயிற்சி பெற்றவர்களிடம் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு சேர் ஏறியிருக்கிறது. பூவாயியிடம் ஒன்றும் ஏறவில்லை."

ராஜாவின் தோள் குலுங்கியது. அம்பலவாணர் விடவில்லை; பயிற்சி தலையில் ஏறுவது, வயிற்றில் அல்ல என்றார். சரி, தலையையும் பார்த்துவிடலாம் என்றான் மருதப்பன். அந்தச் சமயம் பட்டத்து யானை இரண்டு நாளாகக் கவளம் தொடவில்லை. யானை வைத்தியச் சுவடியை உடனே கொண்டுவரும்படி ராஜா கேட்டார்.

பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் இடுப்பை வளைத்து வரவேற்புரை தொடங்கினார். இன்னொருவர், இத்தனை வளைவு பாடத்தில் இல்லையே என்று திருத்தினார். தேடும் முறை ஏழா எட்டா என்று மற்றவர்கள் வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். இதற்குள் பூவாயி நழுவிப்போய்ச் சுவடியோடு திரும்பி வந்தாள்.

"மூணாவது பரண்ல இருந்துச்சு ராசா. போன வாரந்தான் காய வெச்சேன். ரெண்டு எழுத்து அழிஞ்சு போச்சு, மன்னிச்சுக்கணும்."

அவ்வளவுதான், ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பூவாயியைச் சுவடி அறைக்குத் தலைவியாக்கினார். மருதப்பனுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு சேர் வெல்லம் பரிசு. அம்பலவாணருக்கோ பூவாயியிடம் நாற்பது நாள் பயிற்சி. மதியத்துக்குக் கேழ்வரகுக் கூழ் மட்டும்.

முகம் தொங்கிப்போய்ப் புறப்பட்டவரை மருதப்பன் கூப்பிட்டான்.

"ஐயா, தராசில் கொஞ்சம் ஏறிவிட்டுப் போங்கள். நாற்பது நாள் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?"