மூடி இல்லாத முதலீடு

"திருஞானம் சார், சொல்றேனேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டம்மா இன்னிக்குக் காலையில குக்கர்ல நாலு விசில் விட்டாங்க. ஜன்னல் வழியா வெள்ளையா வந்துச்சு, இந்தக் கண்ணால பார்த்தேன். பொருளாளர் வீட்டுலயே இப்படிப் புகை விட்டா, மத்தவங்கள நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கேக்கறது?"

பசுஞ்சோலை அடுக்ககத்தின் அசோசியேஷன் தலைவர் பரஞ்சோதி, சுகந்தியின் வீட்டு வாசலில் நின்று சொன்ன புகார் இது. நாம் ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை.

சுகந்தி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அது புகை இல்ல சார். ஆவி."

"மேல போச்சா, இல்லையா?"

"போச்சு."

"அப்ப புகைதான்."

சுகந்தி கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். சிஸ்டர் பிலோமினாவிடம் கொதிநிலைக்கும் ஆவியாதலுக்கும் படம் வரைந்து பாகம் குறித்துக் காட்டியவள். அந்தப் படத்தைப் பரஞ்சோதியின் நெற்றியிலேயே வரைந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கணவனைப் பார்த்தாள். திருஞானம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஆடுகிற தலை அது. மின்விசிறி நின்றாலும் அது நிற்காது.

"இருக்கட்டும். நேத்து கொசு மருந்து அடிக்க வந்த வண்டிய கேட்டோட திருப்பி அனுப்பினது யாரு?"

"நான்தான். அதுலயும் புகைதானே மேடம் வருது?"

"அது கொசுவுக்கான புகை சார்!"

"யாருக்கான புகையா இருந்தா என்ன? கொள்கைன்னா கொள்கை."

சுகந்தியின் கோபத்துக்குக் காரணம் குக்கர் இல்லை. மகள் தாரிணிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருகிறார்கள். கீழே பார்க்கிங்கில் வரிசை வரிசையாக மூடியில்லாத டிரம்கள், டிரம் நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறையக் கொசு. மூன்றாவது மாடியில் ஏற்கெனவே ஒருவர் டெங்குவில் படுத்து எழுந்தாயிற்று. நிறைமாதப் பெண்ணை எந்த நம்பிக்கையில் இந்தப் படியேற்றுவது?

அந்த டிரம்கள் எப்படி வந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சித்திரை மாதத்தில் முதலீட்டு ஆலோசகர் ஒரு பெண் வந்தாள். இலக்கியா என்று பேர். மொட்டை மாடி ஒழுகலை அடைக்க அசோசியேஷன் சேர்த்து வைத்திருந்த பணம் வங்கியில் தூங்குகிறதே, அதை உலகத்துக்கும் நல்லது நடக்கிற மாதிரிப் போடலாமே என்று பேச வந்தவள். உலகம் சூடாவது, கடல் ஏறுவது, புதுப் புதுக் காய்ச்சல் கண்டம் விட்டுக் கண்டம் பரவுவது எல்லாவற்றையும் திரையில் படம் போட்டுக் காட்டினாள். பாவம், நல்ல பெண். யாரிடம் பேசுகிறோம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

"புகை கக்கற எதுக்கும் உங்க பணம் துணை போகக் கூடாது. இனிமே தண்ணீர்தான் பெரிய விஷயம், அது சார்ந்து முதலீடு பண்ணலாம். போட்ட இடத்துல எல்லாம் வெளிப்படையா இருக்கணும், எதையும் மூடி வைக்கக் கூடாது. ஏறும், இறங்கும். பதறாதீங்க. உள்ளேயே இருங்க. பாதியில வெளிய வர்றவங்கதான் நஷ்டப்படுவாங்க."

எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்த சுகந்தி, எந்த மாதிரிக் கம்பெனிகள் என்று கேட்கக் கையைத் தூக்கினாள்.

"மேடம், கேள்வி உறுப்பினர்கள்தான் கேக்கலாம்," என்றார் பரஞ்சோதி. வீடு திருஞானத்தின் பேரில் இருந்தது. உறுப்பினர் திருஞானம் தலையாட்டினார்.

இலக்கியா போன பிறகு கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் நாலு பேர்: தலைவர் பரஞ்சோதி, செயலாளர் நல்லசிவம், பொருளாளர் திருஞானம், எந்தப் பதவியும் இல்லாமல் எல்லாக் கூட்டத்துக்கும் வருகிற ஆல்பர்ட்.

"தண்ணியில முதலீடுன்னா என்ன சார்?" என்று ஆல்பர்ட் தொடங்கினார்.

"இன்னிக்குத் தண்ணி லாரி வந்தா வாசல்ல அடிதடி. பத்து வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்?"

"தங்கம் மாதிரி ஏறிடும்."

"அப்ப இன்னிக்கே வாங்கி வெச்சுட்டா?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் வியந்து பார்த்தார்கள். அந்தப் பெண் ஏன் இவ்வளவு சுற்றி வளைத்தாள் என்று நல்லசிவத்துக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

ஒரே வாரத்தில் பார்க்கிங் முழுக்க நீல டிரம்கள் வந்து இறங்கின. கார்களும் ஸ்கூட்டர்களும் தெருவுக்குப் போயின. லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கி விளிம்புவரை நிரப்பினார்கள். டிரம்மோடு வந்த மூடிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது.

"எதையும் மூடி வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே," என்றார் திருஞானம்.

மூடிகள் பழைய பேப்பர்க்காரரிடம் போயின.

வைகாசியில் குழாய் வறண்டது. டிரம்களைத் தாண்டிக்கொண்டு எல்லாரும் குடத்தோடு வாசலுக்கு ஓடினார்கள். அதே லாரி, அதே டிரைவர். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அவ்ளோ தண்ணி உள்ள வெச்சிக்கிட்டு எங்கிட்ட எதுக்கு சார் வாங்கறீங்க?"

"அது அசல்பா," என்றார் பரஞ்சோதி. "அசல்ல யாராவது கை வெப்பாங்களா?"

வெயிலில் டிரம்மில் தண்ணீர் குறைந்தது. தினமும் குச்சி விட்டுப் பார்க்கிற பொறுப்பு நல்லசிவத்துடையது. ஒருநாள் முகம் வெளிறி ஓடி வந்தார்.

"சார், இறங்குது சார்!"

"பதறாதீங்கன்னு சொன்னாங்க இல்ல?"

"பதறல சார். வேர்க்குது."

"வேர்க்கலாம். அதப் பத்தி ஒண்ணும் சொல்லல."

புகைக் கொள்கையும் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. ஊதுவத்தி போயிற்று. சாம்பிராணி போயிற்று. டீசலில் ஓடுகிற ஜெனரேட்டருக்குப் பூட்டு போட்டார்கள். அன்றைக்கே மின்சாரம் போய், நல்லசிவம் லிஃப்டில் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றார். ஜெனரேட்டரைப் போடட்டுமா என்று சுகந்தி கத்திக் கேட்டாள். "வேணாம் மேடம். உலகத்துக்காக இருந்துக்கறேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. உலகத்துக்காகச் சாயங்காலம்வரை இருந்தார். ஆல்பர்ட் தன் பங்குக்குப் பிரிட்ஜை பால்கனிக்கு இழுத்து, கதவைத் திறந்து வைத்தார். தெரு கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருக்கிறது என்று பரஞ்சோதி சொன்னதில் அவருக்கு ஒரே சந்தோஷம். அவர் மனைவிக்குத்தான் பால் திரிந்துபோன வருத்தம்.

பிறகு மழை வந்தது. டிரம்கள் நிரம்பி வழிந்தன. இதைத்தான் ஏறும் என்று அந்தப் பெண் சொன்னாள் என்று வீட்டுக்கு வீடு ஜாங்கிரி கொடுத்தார்கள்.

ஜாங்கிரி தீர்வதற்குள் தண்ணீரில் சின்னச் சின்னதாக ஏதோ நெளிந்தது. நாலு பேரும் டிரம்மைச் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள்.

"உயிரோட இருக்கு சார்," என்றார் ஆல்பர்ட் தணிந்த குரலில்.

"வங்கியில போட்டிருந்தா இந்த மாதிரி எதுவாவது உண்டாகியிருக்குமா?" என்றார் பரஞ்சோதி.

"கொசுப்புழு," என்றாள் பின்னால் வந்து நின்ற சுகந்தி.

"மேடம், நீங்க எதையுமே நல்ல விதமாப் பார்க்க மாட்டீங்களா?"

அடுத்த மாதம் நல்லசிவம்தான் மூன்றாவது மாடியில் காய்ச்சலில் விழுந்தார். பப்பாளி இலைச் சாறும் கையுமாகப் போன சுகந்தியிடம், "உலக அளவுல இருக்கற பிரச்சினைன்னு அந்தப் பொண்ணு படம் காட்டுச்சே, அதேதான் எனக்கும்," என்றார். மூஞ்சியில் லேசாக ஒரு பெருமை இருந்தது.

கொசு ஒழிப்புக்கு வருகிற பணியாளர், ஒரு பெண், டார்ச் அடித்து டிரம்களைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார். "இதெல்லாத்தையும் கவுத்துடுங்க. இல்ல, மூடியாவது வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். கமிட்டி நெடுநேரம் யோசித்தது. கவிழ்த்தால் பாதியில் வெளியே எடுத்ததாகிவிடும். மூடினால் வெளிப்படையாக இருக்காது. ஆகவே இரண்டையும் செய்வதில்லை என்று ஒருமனதாக முடிவானது. பிறகுதான் மருந்து வண்டி வந்தது, திரும்பியும் போனது. குக்கர் புகாரும் வந்தது.

வாசலில் பரஞ்சோதியை அனுப்பிவிட்டு, சுகந்தி நேராகப் பார்க்கிங்குக்கு இறங்கிப் போய் ஒரு டிரம்மை இரண்டு கையாலும் சாய்த்தாள். பாதி சாய்வதற்குள் பால்கனியிலிருந்து ஆல்பர்ட், "சிஸ்டர்! அது எல்லார் பணமும்!" என்று அலறினார். நாலு பக்கமும் ஜன்னல் திறந்தது. டிரம்மை நிமிர்த்தி வைத்தாள். புடவையெல்லாம் முதலீடு.

"என்னங்க, தாரிணிய வர வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்று மேலே வந்து கணவனிடம் கேட்டாள். "மாப்பிள்ளை வீட்டுலயே பெத்துக்கட்டும். உங்க டிரம்மு நல்லா இருக்கட்டும்."

திருஞானத்தின் தலை முதல் தடவையாக ஆடாமல் நின்றது. "தலைப்பிரசவம் நம்ம வீட்டுலதானே சுகந்தி..." என்றார். கண் கலங்கியது. "ஆனா கமிட்டில நான் ஒருத்தன்தானே?"

இவர்களோடு புத்தியால் பேசிப் பயனில்லை என்று சுகந்திக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. இவர்கள் பாஷையில்தான் பேச வேண்டும்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் டீயை வைத்துவிட்டு, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னாள்: "மொத்தத்துக்கும் ஒரு கொசுவலை போட்டா என்ன சார்? மூடின மாதிரியும் ஆகாது. வலை வழியா உள்ள இருக்கறது எல்லாருக்கும் தெரியும்."

நாலு பேரும் நிமிர்ந்தார்கள்.

"வெளிப்படையான வலை!" என்றார் பரஞ்சோதி. "இது ஏன் நமக்குத் தோணல?"

"நமக்கு இப்பதானே டீ வந்துச்சு," என்றார் நல்லசிவம்.

வீட்டுக்கு வீடு வலை வாங்கி, சுகந்தி தையல் மிஷினில் ஒன்றோடு ஒன்றாக மூட்டினாள். சனிக்கிழமை முழுக்கத் தைத்தாள். ஞாயிறு விடிந்ததும் பார்க்கிங் தூண்களில் கட்டி, டிரம்கள் மொத்தத்தையும் கூடாரம்போல மூடிவிட்டாள். உள்ளே பிறந்து வளர்ந்த கொசுக்கள் வலையில் முட்டி முட்டித் திரும்பின. கமிட்டி சுற்றி வந்து பார்த்துத் திருப்திப்பட்டது. ஆனால் ஒரு சங்கடம். ஆளுக்கு ஒரு தடவையாக வலையைத் தூக்கித் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தூக்கும்போதெல்லாம் ஒரு கூட்டம் வெளியே பறந்தது.

வளைகாப்புக்கு மண்டபம் கிளம்ப நேரமாகிவிட்டது. பட்டுப் புடவையும் கையில் தாம்பாளமுமாக இறங்கி வந்த சுகந்தி இதைப் பார்த்தாள்.

"எல்லாம் சரி சார். அந்தப் பொண்ணு கடைசியா ஒண்ணு சொல்லிச்சே, மறந்துட்டீங்களா?"

"என்ன சொல்லிச்சு?"

"ஏறினாலும் இறங்கினாலும் உள்ளேயே இருங்கன்னு. நீங்க எல்லாரும் வெளிய நிக்கறீங்களே."

பரஞ்சோதியின் முகம் மாறியது. இத்தனை மாதமாக வெளியே நின்றிருக்கிறோம்! நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. வரிசையாகக் குனிந்து உள்ளே போனார்கள். திருஞானம் மட்டும் வலையின் ஓரத்தில் தயங்கினார்.

"நான் வளைகாப்புக்கு வரணுமே?"

"வளைகாப்பு பொம்பளைங்க விசேஷங்க. நீங்க அசலைப் பார்த்துக்கோங்க," என்று சுகந்தி அவரை மெல்ல உள்ளே அனுப்பி, வலையின் ஓரத்தை நாலு பக்கமும் மடித்துச் செங்கல் வைத்தாள். சிஸ்டர் பிலோமினா பார்த்திருந்தால் அந்த மடிப்புக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

சாயங்காலம் கார் வந்து நின்றது. இரண்டு கையிலும் வளையல் குலுங்கத் தாரிணி இறங்கினாள். பின்னால் சம்பந்தியம்மாள். பார்க்கிங்கில் வலைக்குள்ளிருந்து படார் படார் என்று சத்தம் விடாமல் வந்தது. முதுகிலும் தொடையிலும் கன்னத்திலும் நாலு பேரும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்களுக்காகக் கைதட்டறாங்களா?" என்று சம்பந்தியம்மாள் நெகிழ்ந்துபோய் வலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "நல்ல அசோசியேஷன்!"

"அப்பா ஏம்மா வலைக்குள்ள இருக்காரு?" என்றாள் தாரிணி.

"முதலீடு பண்ணிட்டிருக்காரு. நீ பார்த்து ஏறு."

ஆரத்தி எடுத்தாயிற்று. வீட்டுக்குள் பெயருக்கு ஒரு கொசு இல்லை. ஜன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டு, மகளுக்குப் பருப்பு வேகக் குக்கரை ஏற்றினாள் சுகந்தி. நாலாவது விசில் வந்தது. வெள்ளையாக ஆவி கிளம்பி வெளியே போனது. கீழேயிருந்து புகார் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பரஞ்சோதியின் குரல் மட்டும் வந்தது.

"மேடம்... வெளிய வந்தா நஷ்டம்னு இவங்க யாரும் வர மாட்டேங்கறாங்க. ஒரே ஒரு கொசுவத்திச் சுருள் ஏத்தி உள்ள தள்ளுங்களேன்? ரொம்பச் சின்னப் புகைதான் மேடம்... மேடம்?"