இசக்கியம்மாளுக்குச் செய்த தாடை

“மூணு மாச உழைப்பு சார்! இப்படிப் பண்ணிட்டீங்களே!”

ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே கத்திவிட்டான் சங்கரபாண்டி. சின்ன டாக்டர். கையில் ஒரு டைட்டானியத் தாடை. இசக்கியம்மாளுக்கென்றே அளவெடுத்து, முப்பரிமாண அச்சில் செய்தது. அவள் முகத்துக்குள் இருக்க வேண்டியது இவன் கையில் இருந்தது.

பெரிய டாக்டர் அருமைநாயகம் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான்.

இசக்கியம்மாளுக்குத் தாடை எலும்பில் கட்டி. வேறு ஊர்களில் இரண்டு முறை எடுத்தார்கள். இரண்டு முறையும் மிச்சம் வைத்துவிட்டார்கள். திரும்ப வளர்ந்துவிட்டது. இந்த முறை கட்டியோடு எலும்பையும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் அச்சடித்த தாடையை வைப்பதாகத் திட்டம்.

அவள் கேட்டது ஒரே கேள்வி.

“இந்த வாட்டியாவது முழுசாப் போயிருமாய்யா?”

சங்கரபாண்டி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். “பாருங்கம்மா, உங்க தாடை. அச்சு அசல்!”

“அது கெடக்கட்டும்யா. முழுசாப் போயிருமா?”

“இந்தப் பக்கமாப் பாருங்க. இன்னும் அழகா இருக்கும்.”

இவனை என்னத்தைச் சொல்ல!

ஸ்கேன் எடுத்த வாரமே வரைபடம் முடிந்தது. இவன் விட்டானா? பெரிய டாக்டர் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். “முடிஞ்சுதால?”

“ஒரே ஒரு திருத்தம் சார்.”

ஓரத்தை இழைத்தான். வளைவை மாற்றினான். மாற்றியதைத் திரும்ப மாற்றினான். அவர் ஒருநாள் சத்தம் போட்ட பிறகுதான் அச்சுக்கே அனுப்பினான். கட்டி அதுபாட்டுக்கு வளர்ந்தது.

இன்றைக்குத் திறந்து பார்த்தால், வெட்டுவதற்குக் குறித்த கோட்டையும் தாண்டி எலும்பு இளகிக் கிடந்தது.

“கோட்டுலயே வெட்டுங்க சார். அப்பதான் இது உக்காரும்.”

“கட்டி தாண்டிட்டுல்லா?”

“கொஞ்சம்தான சார்! தள்ளி வெட்டினா இது பொருந்தவே பொருந்தாது!”

“இந்தா, பிடி.”

தாடையை அவன் கையில் வைத்தார். கோட்டைத் தாண்டி, நல்ல எலும்பு தெரியும் வரை வெட்டினார். எல்லாருக்கும் வைக்கிற சாதாரண உலோகத் தகடு ஒன்றை வளைத்து, திருகாணி போட்டு முடுக்கினார். தையல் போட்டு வெளியே வந்துவிட்டார்.

சங்கரபாண்டி பின்னாலேயே வந்துதான் கத்தினான்.

“இனி இது யாருக்கு ஆகும் சார்? உலகத்துலயே ஒருத்தருக்குத்தான் பொருந்தும்!”

“யாருக்கு?”

“இசக்கியம்மாளுக்கு.”

“அப்ப கொண்டுபோய் அவங்க கையில குடு.”

“விளையாடாதீங்க சார்!”

“குடுத்துட்டு வால!”

மறுநாள் அவளுக்கு நன்றாகத் தெளிந்ததும் போனான். முகமெல்லாம் துணிக்கட்டு. பேச முடியாது. முறைத்த முகத்தோடு தாடையை நீட்டினான்.

“இதாம்மா உங்களுக்குச் செஞ்சது. வைக்க முடியாமப் போச்சு.”

வாங்கினாள். ஒரு தடவை பார்த்தாள். தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

பிறகு தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். உள்ளங்கையை விரித்துக் கேட்டாள்.

போயிருச்சா?

அவன் பாட்டில் பக்கத்தில் இருந்த தாடையையே பார்த்தான். அவள் மறுபடியும் கன்னத்தைக் காட்டினாள். மறுபடியும் கையை விரித்தாள். கண் அவனை விட்டு நகரவில்லை.

“போயிருச்சும்மா,” என்றான். “முழுசாப் போயிருச்சு.”

இசக்கியம்மாள் அவனுடைய வலது கையை எட்டிப் பிடித்தாள். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

சங்கரபாண்டி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

“ஐயோ, இந்தக் கை இல்லம்மா.”