நிமிர்ந்து நின்ற கேட்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கிற பல்லெல்லாம் இப்போதே விழட்டும்.

வேலாங்குறிச்சி என்றொரு ஊர். அதன் நடுவில் ரோடும் தண்டவாளமும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு கிடந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட் இருந்தது. ரயில் வரும்போதெல்லாம் அது குனிய வேண்டும். குனிந்தால் திட்டு.

"ஒனக்கு வேற வேலையே இல்லையா?" என்று ரோடு உறுமும். "பஸ்ஸெல்லாம் என் முதுகுல நின்னு புகை விடுது."

"நான் யாருக்காகவும் நிற்கிற ஆளில்லை. சீக்கிரம் குனி" என்று தண்டவாளம் மினுங்கும்.

பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த வாத்தியார் முதல் தாலி கட்டப் பிந்தி வந்த மாப்பிள்ளை வரைக்கும், "கேட் போட்டுட்டான்" என்றுதான் சொல்வார்கள். கேட் போடாத நாளிலும் அதையேதான் சொல்வார்கள்.

கேட்டிடம் அன்பாகப் பேசியது ஒரே ஒருத்தி. வெள்ளரிப்பிஞ்சு விற்கும் செல்லக்கனி. ஏதோ ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது இரண்டும் போயிருந்தது. ரயில் கூவினாலும் தெரியாது, மணி அடித்தாலும் தெரியாது. எல்லாம் கேட்டைப் பார்த்துத்தான். அது குனிந்திருந்தால், நிற்கிற வண்டிகளில் வியாபாரம். நிமிர்ந்திருந்தால், லைனைத் தாண்டலாம்.

"படுத்துட்டியா ராசா? படு, படு. யாவாரம் ஆகட்டும்" என்பாள். நிமிர்ந்ததும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "எந்திரிச்சிட்டியா? அப்ப நான் அந்தப் பக்கம் போயிட்டு வாரேன்" என்பாள்.

ஒருநாள் ரோடு பொறுமை இழந்து, தண்டவாளத்திடமிருந்து தன்னைப் பிரித்துவிடச் சொல்லி மனுப் போட்டது. தண்டவாளமும் சம்மதம் சொன்னது. பாலம் எழும்பியது. ரோடு அதன்மேல் ஏறிக்கொண்டு, கீழே திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று.

பாலம் நல்ல பிள்ளை, அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கேட்டிடம் மரியாதையாகத்தான் விசாரித்தது.

"அண்ணே, ஒங்களுக்கு ஏதும் ஆசை உண்டா?"

"ஒண்ணே ஒண்ணு தம்பி. பொறந்ததுலேர்ந்து குனிஞ்சு குனிஞ்சே இடுப்பு போச்சு. இனிமே குனியாம நிக்கணும்."

"அவ்வளவுதானே?"

வேலையாட்கள் கேட் கம்பத்தைக் கழற்றினார்கள். லைன் ஓரமாகச் சுவர் எழுப்பி, அந்தச் சிவப்பு வெள்ளைக் கம்பத்தை அதில் நட்டமாகச் சாத்திவைத்துவிட்டுப் போனார்கள். கேட் வானத்தைப் பார்த்து நின்றது. ஒருத்தரும் திட்டவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அதற்குச் சந்தோஷம்.

பாலம் வண்டிகளுக்கு வசதி. தலைச்சுமையோடு நடக்கிறவர்களுக்கு அது மலை. அவர்கள் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கல்லைப் பெயர்த்துவிட்டார்கள், கம்பத்துக்குப் பக்கத்திலேயே.

நிற்கிற வண்டி இல்லாமல் செல்லக்கனியின் வியாபாரம் படுத்துவிட்டது. லைனுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டில் விற்கலாமென்று ஒரு மத்தியானம் கூடையோடு வந்தாள். கம்பத்தைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"இங்கதான் இருக்கியா ராசா? எந்திரிச்சுதான் நிக்கே. அப்ப வண்டி வரல."

வண்டி வந்துகொண்டிருந்தது.

கேட் குனியப் பார்த்தது. கழற்றி வைத்த கம்பத்தால் எப்படிக் குனிய முடியும்? "போகாதே தாயி" என்று கத்தியது. அவளுக்கா காதில் விழும்? "தம்பி, நீயாவது மறி" என்று பாலத்தைக் கூப்பிட்டது. பாலத்தின்மேல் பஸ்கள் இரைந்துகொண்டிருந்தன. ரோடு ரொம்ப உயரத்தில் இருந்தது.

யாருக்காகவும் நிற்காத தண்டவாளத்தில் அன்றைக்கு ரயில் வெகுநேரம் நின்றது. ஜல்லிக்கல் முழுக்க வெள்ளரிப்பிஞ்சு.

மறுநாள் பார்த்தால், கம்பம் சுவரிலிருந்து சரிந்து அந்தப் பொத்தலுக்குக் குறுக்கே கிடந்தது. காற்றும் இல்லை, மழையும் இல்லை. தூக்கி நிறுத்தினார்கள். மறுபடியும் படுத்துக்கொண்டது. இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

"இந்தக் கம்பத்தை எவன்யா வழியில போட்டது?" என்று திட்டிக்கொண்டே ஜனங்கள் அதைத் தாண்டிப் போகிறார்கள்.

சொன்னது நான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். திட்டுகிறவர்கள் பூராவும் என் சொந்தக்காரர்கள்தான்.