சபையில் கால் வைக்காதவன்

முன்னொரு காலத்தில், இன்று யாருக்கும் பெயர் தெரியாத ஒரு தேசத்தில், தம்மைச் சிரிக்க வைத்த அரண்மனை விகடன் செத்துப்போன பிறகு சிரிப்பையே விட்டுவிட்ட ராஜா ஒருவர் இருந்தார். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தவர், புது விகடனைத் தேர்ந்தெடுக்கத் தை மாதம் முதல் வெள்ளிக்கு நாள் குறித்துத் தண்டோரா போடச் சொன்னார்.

சந்தைகளில் குட்டிக்கரணம் போட்டுப் பிழைத்த சடையாண்டிக்கு அந்த வேலை கிடைத்தால் ஊர் ஊராக அலைய வேண்டாம். அவன் மனைவி அழகம்மை, கவிழ்த்த கூடைமேல் ராஜாவாக உட்கார்ந்து அவனைத் தினமும் கேள்வி கேட்டாள்.

"கேள்வி முடியறதுக்குள்ள வாயைத் தொறக்கறீங்க பாருங்க! மூச்சு விட்டுட்டுப் பதில் சொல்லுங்க. தரையைப் பாக்காதீங்க, ராஜா மொகத்தைப் பாருங்க."

"ராஜா மொகம் இவ்வளவு அழகா இருக்காதேடி!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வாரமே காய்ச்சலில் விழுந்தாள். "நான் இல்லேன்னு போகாம இருந்துடாதீங்க" என்றாள். தேர்வுக்கு ஆறு நாள் முன்னால் போய்விட்டாள்.

சுடுகாட்டில் அவளுக்குக் காடாற்றிவிட்டு வந்த சடையாண்டி, யாருமில்லாத கூடைக்கு முன்னால் நின்று பதில் சொல்லிப் பழகினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. பிரதானி நாகரசருக்குத் தன் மைத்துனனை அந்த வேலையில் அமர்த்த ஆசை என்பது ஊருக்கே தெரியும்; அவனும் சபைக்கு வந்திருந்தான். மழித்த தலையோடு வாசலில் நின்ற சடையாண்டியைப் பார்த்ததும் அவருக்கு வழி கிடைத்தது.

"மகாராஜா, இவன் தீட்டுக்காரன். சபையில் இவன் கால் வைக்கலாகாது."

ராஜா எங்கோ பார்த்தபடி, "அப்படியானால் கால் வைக்க வேண்டாம்" என்றார்.

சடையாண்டி ஒரு மூச்சு விட்டான். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக் கால்களை மேலே தூக்கினான். கையாலேயே நடந்து ராஜாவுக்கு எதிரில் வந்து நின்றான். சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. அவன் கண்ணீர் நெற்றி வழியாகத் தலைக்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவரை யாரைச் சிரிக்க வைத்திருக்கிறாய்?"

"சந்தையில் பலரை, மகாராஜா. மனம்விட்டுச் சிரித்தது ஒருத்திதான். பதினெட்டு வருஷம் சிரித்தாள்."

"அந்தச் சாட்சியை இங்கே அழைத்து வா! இல்லையேல் நடையைக் கட்டு" என்றார் நாகரசர்.

"என்னால் அழைக்க முடியவில்லை, பிரபு. ஆறு நாளாக அழைக்கிறேன், வரமாட்டேன் என்கிறாள். தாங்கள் வேண்டுமானால் மைத்துனரை அனுப்பிப் பாருங்கள். அவர் அங்கே போய் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பினால், இந்த வேலையை அவருக்கே விட்டுக்கொடுக்கிறேன்."

மைத்துனன் முகம் வெளிறித் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். அதைப் பார்த்த ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஒரு வருஷத்துச் சிரிப்பு. நாகரசர் தலையைக் குனிந்துகொண்டார்.

"காலை இறக்கு, அப்பா. இது என் உத்தரவு" என்று ராஜா தம் கையில் இருந்த பொற்காப்பைக் கழற்றி அவனுக்குப் போட்டார். "வேலை உனக்குத்தான். வேறு என்ன வேண்டும், கேள்."

"இன்று ஒரு நாள் விடுப்பு வேண்டும், மகாராஜா."

"வேலை கிடைத்த அன்றே விடுப்பா! எதற்கு?"

"இந்தத் தேர்வுக்குத் தயாரானதில், அவளுக்காக உட்கார்ந்து அழ நேரமே கிடைக்கவில்லை."

ராஜா சபையைக் கலையச் சொன்னார். எல்லோரும் போனதும் சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து, கீழ்ப்படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவள் பெயர் என்ன?"

"அழகம்மை, மகாராஜா."

"என் விகடன் பெயர் தெய்வசிகாமணி. ராஜா அழக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்."

"இப்போது சபை இல்லையே, மகாராஜா" என்றான் சடையாண்டி.

முதலில் அழுதவர் ராஜாதான்.