துர்சுன் பிடித்த ஒற்றைச் சுரம்

துர்சுன் தன் கூட்டாளி இல்யாஸை உயிரோடு கடைசியாகப் பார்த்தது, பனி இறுகிக் கிடந்த ஒரு காலையில். ஊதுகுழலின் வாயில் செருகும் சீவாளி செய்ய நாணல் வெட்டி வரலாம் என்று இல்யாஸ் மலை ஏறிக்கொண்டிருந்தான். பாதி ஏற்றத்தில் நின்று திரும்பி, கையைக் குவித்துக் கத்தினான்.

"டேய் துர்சுன்! உனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சுரம். நான் வருவதற்குள் அதையும் மறந்து தொலைக்காதே!"

துர்சுன் சிரித்துக்கொண்டே ஒரு பனி உருண்டையை அவன் மேல் வீசினான். அது பாதி வழியிலேயே விழுந்தது. இல்யாஸ் வளைவில் மறைந்தான். அன்று மாலை மலை மேலிருந்து பனி சரிந்தது. அவன் திரும்பவில்லை.

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. துருக்கி தேசத்து மலைகளில் ஆட்டுத்தடங்களைத் தவிர வேறு பாதையே இல்லாத காலத்தில் நடந்தது இது.

அந்த மலைக்காரர்களின் வாத்தியம் சுர்னா. நம் நாகசுரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழமரக் கட்டையில் கடைந்த குழல், நுனியில் நாணல் சீவாளி. உயரத்தில் குட்டை, குரலில் நெட்டை. மெல்லப் பேச அதற்குத் தெரியாது. அங்கே கல்யாணமானாலும் மல்யுத்தமானாலும், சுர்னா முழங்கினால்தான் தொடங்கும்.

கீழூரில் அதை இருவர் ஊதினார்கள். இல்யாஸ் பாட்டை ஊதுவான். துர்சுன் பக்கத்தில் நின்று ஒத்துப் பிடிப்பான். ஒரே சுரம், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மூக்கால் மூச்சை வாங்கி, கன்னத்தில் தேக்கி, சீவாளியில் விட்டுக்கொண்டே இருப்பான். இடையில் ஒரு மயிரிழை கூட அறுபடாது. இல்யாஸ் கூட்டத்தைப் பார்த்து நிற்பான். துர்சுன் இல்யாஸைப் பார்த்து நிற்பான். அவன் கன்னம் எப்போது உப்பும், எப்போது வற்றும் என்று பார்த்துப் பார்த்தே துர்சுனுக்குத் தலை நரைத்தது.

கைதட்டல் இல்யாஸுக்குப் போகும். விருந்தில் முதல் தட்டும் இல்யாஸுக்குப் போகும். துர்சுன் அதைக் குறையாக நினைத்ததில்லை. "கூரையைப் பார்த்துத்தான் வீடு அழகு என்பார்கள். சுவரைப் பார்த்து யார் சொல்வார்கள்?" என்பான்.

சரி, கதைக்கு வருவோம். கீழூருக்கும் மேலூருக்கும் நடுவில் ஒரு புல்மேடு. இரண்டு ஊர் ஆடுகளுக்கும் போதாது. வெட்டிக்கொண்டு சாகாமல் இருக்க, அவர்கள் முன்னோர் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வசந்தம் பிறந்ததும் இரண்டு ஊர் சுர்னாவும் மேட்டுப் பாறையில் நின்று ஒன்றாக ஊதவேண்டும். எந்த ஊரின் ஓசை முதலில் அறுபடுகிறதோ, அந்த ஊருக்கு அந்த வருஷம் புல் இல்லை. கீழூர் ஒருமுறை தோற்றிருக்கிறது. அந்தக் கோடையில் குட்டிகளைப் புதைக்கக் குழி தோண்டிக் கை ஓய்ந்தார்கள்.

இல்யாஸ் போனபின் வசந்தம் வந்தது.

ஊர்த்தலைவர் ஹம்சா கடற்கரை ஊருக்கு ஆள் அனுப்பினார். அங்கிருந்த சுர்னாக்காரன் மலை ஏற மாட்டேன் என்றான். பள்ளத்தாக்கு ஊருக்கு அனுப்பினார். அங்கிருந்தவனுக்குப் பல் விழுந்துவிட்டது. கடைசியில் வேறு வழியில்லாமல் துர்சுன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டாவது ஊதுவியாப்பா?"

துர்சுன் முயன்றான். முதல் தடவை கோழிகள் கலைந்தன. இரண்டாம் தடவை நாய் ஊளையிட்டது. மூன்றாம் தடவை ஹம்சாவே எழுந்து வெளியே போய்விட்டார்.

இல்யாஸின் மனைவி குலிசார் வாசலில் நின்று இதைப் பார்த்தாள். பனி உருகியபின், புருஷனை அவன் வெட்டிய நாணல் கட்டோடு கண்டெடுத்து அடக்கம் செய்தவள் அவள். அந்தக் கட்டிலிருந்து ஒரு நாணலைத் துர்சுன் கையில் வைத்தாள்.

"பாட்டு யார் கேட்டா, அண்ணே? வழக்கம் கேட்கிறது மூச்சைத்தானே. உங்களுக்கு எது வருமோ அதை ஊதுங்க."

அந்த நாணலில் துர்சுன் புதுச் சீவாளி சீவிக்கொண்டான்.

மேலூரின் சுர்னாக்காரன் பெக்தாஷ். அந்த மலைத்தொடரில் அவனைப் போலப் பாட்டு ஊத ஆள் கிடையாது. அவன் ஒத்துக்காரனே வைத்துக்கொள்ளவில்லை. "கைதட்டலைப் பங்கு போட எனக்குப் பைத்தியமா?" என்பான். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஊதுவான். ஒருவன் தலையாட்டினால் இவன் பாட்டில் ஒரு பூ கூடும்.

போட்டி நாள் வந்தது. இரண்டு ஊருக்கும் பொதுவான கோட்டைத் தலைவர் நடுவராக உட்கார்ந்தார். மேளம் முழங்கியது. இருவரும் பாறையில் ஏறி ஊதத் தொடங்கினார்கள்.

பெக்தாஷின் சுர்னாவில் அருவி விழுந்தது, குதிரை ஓடியது, மணப்பெண் அழுதாள். துர்சுனின் சுர்னாவில் ஒரே சுரம் நின்றது.

"ஏய், யாராவது அந்தத் தேன்கூட்டைக் கலையுங்கப்பா!" என்று மேலூர்க்காரன் ஒருவன் கத்தினான்.

"ஆடு கூட ரெண்டு விதமாக் கத்துமே!" என்றான் இன்னொருவன்.

கீழூர்க்காரர்கள் தலைகுனிந்தார்கள். துர்சுன் காதில் எதுவும் விழவில்லை. பழைய வழக்கப்படி அவன் பக்கவாட்டில் திரும்பி நின்றான். இல்யாஸ் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே வெறும் பாறைதான் இருந்தது.

பொழுது ஏறியது. ஒற்றைச் சுரம் அறுபடுவதாகத் தெரியவில்லை. பெக்தாஷ் ஊதிக்கொண்டே மைத்துனனுக்குக் கண்ணைக் காட்டினான். இது அவர்கள் முன்பே பேசி வைத்திருந்த சூழ்ச்சி. சுர்னா ஊதுகிறவன் எதிரே எலுமிச்சம்பழத்தைக் கடித்தால் போதும். அவன் வாயில் எச்சில் ஊறும், சீவாளி நனையும், மூச்சு சிக்கும். அந்த மலையில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது.

மைத்துனன் முன்னே வந்து ஒரு பழத்தைக் கடித்தான். துர்சுன் பார்க்கவில்லை.

இன்னொரு பழத்தை வெட்டி, உப்புத் தொட்டுச் சப்புக்கொட்டித் தின்றான். துர்சுன் பார்க்கவில்லை.

மூன்றாவதாக ஒரு கூடையையே கவிழ்த்தான். மேலூர் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று ஆளுக்கொரு பழத்தைக் கடித்தார்கள். முகம் சுளித்தது, கண் சுருங்கியது, மோவாயில் சாறு வழிந்தது.

துர்சுன் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெக்தாஷ்தான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்! முகம் பார்த்தே ஊதிப் பழகியவன் கண், திரும்பு என்றால் திரும்புமா? அவன் வாயில் ஊற்றெடுத்தது. விழுங்கினால் மூச்சு போகும். விழுங்காவிட்டால் சீவாளி நனையும். ஒரு கணம் தவித்தான். அவன் சுர்னா 'கீச்' என்று ஒருமுறை கத்தி நின்றுவிட்டது.

மேளமும் நின்றது. அப்போதுதான் எல்லோருக்கும் அந்த ஒற்றைச் சுரம் தனியாகக் கேட்டது. அது பாறையிலிருந்து மேட்டுக்குப் போயிற்று, மேட்டிலிருந்து மலைக்குப் போயிற்று, மலை அதைத் திருப்பிக் கொடுத்தது. கீழூர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் தலைநிமிர்ந்தார்கள். தேன்கூடு என்று சிரித்தவன் தொப்பியைக் கழற்றினான்.

"கீழூருக்கே புல்" என்றார் கோட்டைத் தலைவர்.

துர்சுன் நிறுத்தவில்லை. ஹம்சா கூப்பிட்டார், நிறுத்தவில்லை. ஊரே கூப்பிட்டது, நிறுத்தவில்லை. பாட்டுக்காரன் நிறுத்தாமல் ஒத்துக்காரன் நிறுத்தக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முறை.

குலிசார் பாறை மேல் ஏறினாள். அவன் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் வந்து நின்றாள்.

"அவர் நிறுத்திட்டார், அண்ணே" என்றாள். "இனி நீங்களும் நிறுத்தலாம்."

துர்சுன் சுர்னாவை இறக்கினான். அவன் கண் நனைந்திருந்தது. சீவாளி நனையவில்லை.

ஹம்சா ஓடிவந்து அவன் தோளைப் பற்றினார். "இன்று முதல் நம்ம ஊருக்கு நீதான் பாட்டுக்காரன்!"

துர்சுன் நிமிர்ந்து நின்றான். மேலூரும் கீழூரும் கேட்கும்படி சொன்னான். "இல்லை தலைவரே. நான் இல்யாஸின் ஒத்துக்காரன்."

ஊர் கொண்டாடுவதைப் பார்த்து நிற்கிறவனின் மூச்சு ஊரோடு போய்விடும், தன் துணையைப் பார்த்து நிற்கிறவனின் மூச்சு எந்தச் சூழ்ச்சியிலும் அறுபடாது.

அந்த மேட்டில் அந்தக் கோடை முழுவதும் கீழூர் ஆடுகள் மேய்ந்தன.